வீட்டு முயலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுக்க வேண்டுமா?

பாம்பன்காற்று | தங்கச்சிமடம் | செவ்வாய் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு முயல்கள். பெரியவை இரண்டு: சாம்பல் நிறத்தில் ஒரு பெண் முயல், வெள்ளையில் ஓர் ஆண் முயல். மீதி நான்கும் குட்டிகள். பிறந்து ஏழு வாரம் ஆகிறது, தாயிடமிருந்து பிரித்து இரண்டு வாரம். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கம்பிக் கூண்டு, மேலே பனையோலைக் கூரை. கறிக்காக வளர்க்கவில்லை. மகள் ஆசைப்பட்டாள் என்று ஒன்றை வாங்கினோம், அதற்குத் துணை வேண்டும் என்று இன்னொன்றை வாங்கினோம், இப்போது ஆறாகிவிட்டது.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டு அண்ணன் பன்னிரண்டு வெள்ளாடு வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றும்போது, "இதுக்கும் கொஞ்சம் ஊத்திவிடு தங்கச்சி, வாயில்லா ஜீவன் எல்லாம் ஒண்ணுதான்" என்று மீதியைக் கொடுப்பார். முயல் வாங்கிய கடையிலும் மூன்று மாதக் கணக்குத்தான் சொன்னார்கள். போன ஆடியில் ஊசி இல்லாத சிரிஞ்சில் பெரியவை இரண்டுக்கும் தலைக்கு 2 மில்லி கொடுத்தேன். மறுநாள் ஆண் முயல் எதையும் தொடவில்லை. முருங்கைக் கீரையை மூக்கருகே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாயங்காலம்தான் ஒரு புல்லைக் கடித்தது. அன்று முழுக்க மகள் கூண்டை விட்டு நகரவில்லை.

இப்போது மறுபடி தவணை வந்துவிட்டது. மழையும் தொடங்கிவிட்டது. குட்டிகளில் ஒன்றுக்கு வயிறு உப்பலாகத் தெரிகிறது, புழுக்கை உருண்டையாக இல்லாமல் இளகி வருகிறது. புழுதான் என்கிறார் அண்ணன். குட்டிகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா? வீட்டில் வளர்க்கும் முயலுக்கு இது உண்மையிலேயே தேவைதானா? மாமியாருக்கு இன்னொரு பயம், முயலிடமிருந்து பிள்ளைக்குக் கீரிப்பூச்சி தொற்றிவிடுமோ என்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருவேலங்காடு | சாயல்குடி பக்கம் | செவ்வாய் இரவு 10.15

கொடுத்துவிடுங்கள் தங்கச்சி. யோசிக்கவே வேண்டாம். என்னிடம் இருபத்தைந்து முயல், முப்பது ஆடு, நாட்டுக்கோழியும் உண்டு. எல்லாம் ஒரே தோட்டம். முயலுக்குக் கூண்டு கிடையாது, சுற்றிலும் கல் கட்டி, மண் தரையில் விட்டிருக்கிறேன், அதுவே வளை தோண்டிக்கொள்ளும். ஆறு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் மருந்து. கையில் அள்ளினால் சதை பிடிபடும், அப்படி இருக்கிறது. புழு வந்த பிறகு ஓடுவதைவிட வருமுன் கொடுப்பது மேல்.

பழைய ஆய்வாளர் | இராமநாதபுரம் | புதன் காலை 6.20

நான் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திருவாடானை, முதுகுளத்தூர், மண்டபம் என்று இந்த மாவட்டத்தில் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றியே என் பாதிக் காலம் போனது. அதனால் சொல்கிறேன், ஆட்டுக் கணக்கு வேறு, முயல் கணக்கு வேறு.

ஆட்டின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் உருண்டைப் புழு ஒன்று உண்டு. மழை பெய்து புல் துளிர்க்கும்போது அதன் குஞ்சுப் புழு புல் நுனிக்கு ஏறும், ஆடு மேயும்போது உள்ளே போகும். கொஞ்ச நாளில் கண் இமை வெளுத்துவிடும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும், குட்டியாக இருந்தால் செத்தே போகும். மந்தை ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப மேய்வதால்தான் தவணை வைத்து மருந்து ஊற்றுகிறோம். அப்படி வருடக்கணக்காக ஊற்றியதில் இன்று பல மந்தைகளில் அந்தப் புழுவுக்கே மருந்து பழகிவிட்டது. ஆட்டுக்கே கண் இமையைப் பார்த்து, சாணியைச் சோதித்து, தேவையானதற்கு மட்டும் கொடுங்கள் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம்.

உங்கள் முயல் மேயப் போவதில்லை. கம்பித் தளத்தில் நிற்கிறது, புழுக்கை கீழே விழுந்துவிடுகிறது. ஆட்டைக் கொல்லும் புழு அதன் வாய்க்கு எட்டுவது அரிது. அப்புறம் எதைக் கொல்ல மருந்து?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பேச்சில் எல்லாமே "புழு"தான். குடலில் இருப்பதும் புழு, புண்ணில் நெளிவதும் புழு, கழிந்தால் அதற்கும் புழுதான் காரணம். ஒரே சொல்லாக இருப்பதால் ஒரே மருந்தைத் தேடுகிறோம். கடைக்குப் போய் "புழுவுக்கு மருந்து கொடுங்க" என்றால் அவர்களும் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றும் வேறு வேறு நோய்.

உங்கள் குட்டியின் வயிற்று உப்பலைக் கேட்டதும் எனக்குப் புழு நினைவுக்கு வரவில்லை. நாளைக்கே புழுக்கையை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள்.

நுண்ணோக்கி | திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி, சொந்த ஊர் உச்சிப்புளி | புதன் காலை 8.05

ஆய்வாளர் ஐயா சொன்னதோடு சேர்த்துக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் அக்கா. நான் இறுதியாண்டு படிக்கிறேன். ஒட்டுண்ணி பாடத்தில் வாராவாரம் சாணிப் பரிசோதனை செய்தவள்.

வீட்டு முயலுக்கு வரக்கூடிய உண்மையான குடற்புழு பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், பாசலூரஸ் ஆம்பிகுவஸ் என்ற ஊசிப்புழு. வெள்ளையாக, நூல் துண்டு போல, ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் குருட்டுக்குடலில் வாழும். இதற்கு நத்தையோ உண்ணியோ இடையில் தேவையில்லை, முட்டை வாய்வழி போனால் போதும். முயல் விடியற்காலையில் தன் மெத்தென்ற புழுக்கையைத் தானே தின்னும் பிராணி. திராட்சைக் குலை போல ஒட்டிக்கொண்டு வரும் அந்தக் கொத்துப் புழுக்கையைப் பலர் கழிச்சல் என்று நினைத்துவிடுகிறார்கள். அதைத் தின்றால்தான் அதற்கு வைட்டமினும் புரதமும் முழுதாகச் சேரும். அதனால் ஊசிப்புழு ஒருமுறை உள்ளே வந்தால் சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால் வளர்ந்த, நன்றாகத் தின்கிற முயலுக்கு இதனால் பெரிய கெடுதல் வருவதில்லை. எண்ணிக்கை மிகுந்தால் ஆசனவாயில் அரிப்பு, ரோமம் மங்குவது, குட்டிகளில் வளர்ச்சி குறைவது. அவ்வளவுதான்.

மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், முயலின் ஊசிப்புழு மனிதருக்குத் தொற்றாது. பிள்ளைகளின் கீரிப்பூச்சி வேறு இனம், அது மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவும்.

இப்போது உங்கள் குட்டி. ஏழு வாரம், தாயைப் பிரித்து இரண்டு வாரம், மழை ஈரம், வயிறு உப்பல், இளகிய புழுக்கை. இதைப் படித்ததும் நான் நினைத்தது காக்சிடியா. ஐமீரியா என்ற ஒற்றைச்செல் உயிரி அது, கோழிக்கு ரத்தக்கழிச்சல் கொண்டுவருகிற அதே குடும்பம். சில வகை குடலைத் தாக்கும், ஒரு வகை கல்லீரலைத் தாக்கி வெள்ளைப் புள்ளிகளாக்கும். பெரிய முயல்கள் வெளியே தெரியாமல் சுமக்கும், குட்டிகள்தான் சாகும். இது புழுவே இல்லை. ஆட்டுக்கு ஊற்றும் ஃபென்பென்டசோல் போன்ற குடற்புழு மருந்து இதை ஒன்றும் செய்யாது. மருந்து கொடுத்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கும் இரண்டு மூன்று நாளில் குட்டி கைவிட்டுப் போய்விடும். அதனால் தயவுசெய்து அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள், சோதித்துவிட்டு முடிவு செய்யலாம்.

பாட்டிலின் லேபிளை வாசித்து இங்கே எழுத முடியுமா? ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பார்க்க வேண்டும்.

கீழக்கரை லாத்தா | கீழக்கரை | புதன் காலை 11.30

நான் இதுவரை இதை யாரிடமும் எழுதியதில்லை. இந்தத் தங்கை கேட்டதால் எழுதுகிறேன்.

போன வருடம் எங்கள் முயலுக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத்தான் கொடுத்தேன். அல்பென்டசோல் 400 மில்லிகிராம். பிள்ளைக்கே ஒரு முழு மாத்திரை கொடுக்கிறார்கள், முயலுக்குக் கால் மாத்திரை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ஐந்து நாள் தொடர்ந்து கொடுக்கச் சொல்லி ஒருவர் சொன்னார், கொடுத்தேன். ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் மூலையிலேயே உட்கார்ந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத் துணி மாதிரி. காதின் உட்புறம் கடுகு அளவில் சிவப்புப் புள்ளிகள். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன, எலும்பு மஜ்ஜை வேலை செய்யவில்லை, இந்த வகை மருந்து முயலுக்கு இப்படிச் செய்யும் என்றார். பதினாலாம் நாள் மவுத்தாகிவிட்டது.

அதற்குப் புழு இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. புழுக்கையில் ஒன்றும் கண்ணில் படவில்லை. எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று கொடுத்தேன்.

நுண்ணோக்கி | புதன் மதியம் 1.10

லாத்தா, எழுதியதற்கு நன்றி. மனசு கனத்துவிட்டது.

நீங்கள் கொடுத்த கால் மாத்திரை 100 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ முயல் என்றால் கிலோவுக்கு 66 மில்லிகிராமுக்கும் மேலே. முயலுக்கு ஃபென்பென்டசோல் கொடுப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை, 5 நாள். அல்பென்டசோல் அதைவிடக் கடுமையானது. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் இந்த மருந்துக் குடும்பம் தாக்கும், மஜ்ஜையும் குடலின் உள்தோலும் அப்படிப்பட்ட இடங்கள். ஃபென்பென்டசோலிலும் இது நடந்திருக்கிறது, குறைவாக. சினை முயலுக்கு அல்பென்டசோல் கொடுத்தால் குட்டிக்கும் ஊனம் வரலாம். முயலுக்கு சினைக்காலமே ஒரு மாதம்தான், ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்தால் சினையா இல்லையா என்று நமக்குத் தெரிவதற்கு முன்பே மருந்து போய்விடும்.

கடல்தாண்டி | லண்டன், ஊர் பெரியபட்டினம் | புதன் மாலை 5.45

இங்கே நிலைமை கொஞ்சம் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். முயலுக்கென்றே ஃபென்பென்டசோல் பசை மருந்து விற்கிறார்கள். எடைக்கு ஏற்பக் கோடு போட்ட சிரிஞ்சில் வரும். அதில் வருடத்துக்குச் சில முறை, ஒன்பது நாள் தொடர்ந்து கொடுக்கலாம் என்று போட்டிருக்கும். இணையத்தில் அதைப் படித்துவிட்டு நம் ஊரிலும் பலர் தவணை வைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த ஒன்பது நாள் கணக்கு குடற்புழுவுக்கானது இல்லை. என்செபலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணுயிரிக்கானது. பூஞ்சைக்கு நெருங்கிய உறவு, முயலின் சிறுநீர் வழியாகப் பரவும், மூளையையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழலும், பின்னங்கால் இழுக்கும். அது வந்துவிட்டால் 28 நாள் மருந்து. என் முயலுக்கு அப்படி வந்து 28 நாளும் கொடுத்தேன், கழுத்து முக்கால்வாசி நேரானது.

அதற்குப் பிறகும் என் மருத்துவர் தவணை மருந்து வேண்டாம் என்றார். புதிதாக ஒரு முயலைச் சேர்க்கும்போது மட்டும் யோசிப்போம் என்றார்.

பாம்பன்காற்று | புதன் இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. லாத்தா, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் பதிவை மகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

லேபிளைப் பார்த்தேன். பாதி அழிந்திருந்தது, டார்ச் அடித்துத்தான் வாசிக்க முடிந்தது. ஃபென்பென்டசோல், ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். அப்புறம் இரண்டு முயலையும் எடை போட்டோம். கையில் பிடித்தால் துள்ளுகிறது, அதனால் மீன் நிறுக்கும் தராசில் பனையோலைப் பெட்டியை வைத்து, பெட்டியின் எடையைக் கழித்துவிட்டு, முயலை உள்ளே இறக்கி மூடியைப் போட்டேன். இருட்டானதும் அப்படியே அடங்கிவிட்டது. ஆண் முயல் 2 கிலோ 400 கிராம். நுண்ணோக்கி சொன்ன கணக்குப்படி 48 மில்லிகிராம், அரை மில்லிக்கும் குறைவு. நான் 2 மில்லி கொடுத்திருக்கிறேன். நான்கு மடங்கு. அன்று அது ஏன் தின்னவில்லை என்று இப்போது புரிகிறது.

இன்று விடியற்காலை கூண்டுக்குக் கீழே மகளின் கறுப்பு நோட்டு அட்டையை விரித்து வைத்தேன். புதுப் புழுக்கை விழ விழ டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். பெண் முயலின் புழுக்கை ஒன்றின் மேல் மெல்லிசாக வெள்ளை நூல் ஒன்று. முதலில் புல் நார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு முனை தூக்கி அசைந்தது. ஒன்றே ஒன்றுதான். குட்டியின் புழுக்கையில் நூல் எதுவும் இல்லை, ஆனால் பாதி உருண்டை பாதி குழம்பு, கெட்ட வாடை. நாளை காலை முதல் பேருந்தில் ராம்நாடு போகிறேன்.

உப்புப்பாத்தி | வாலிநோக்கம் | புதன் இரவு 9.30

பரிசோதனை என்றதும் பெரிய மிஷின் என்று பயந்துவிடாதீர்கள் தங்கச்சி. என் ஆட்டுச் சாணியை மருத்துவமனையில் பார்த்தபோது பக்கத்திலேயே நின்று கவனித்தேன். நான் உப்பளத்தில் வேலை செய்பவன், அதனால் அவர்கள் செய்ததைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. உப்பைக் கரைத்துக் கரைத்து, இனிமேல் கரையாது என்ற அளவுக்கு ஒரு தண்ணீர் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு 360 கிராம் உப்பு பிடிக்கும். தண்ணீரின் உப்புக் கனத்தை அளக்கும் எங்கள் கணக்கில் சொன்னால் 25 டிகிரி, பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும் நேரத்துத் தண்ணீர். கடல் தண்ணீர் 3 டிகிரிதான்.

சாணியை அதில் கரைத்து, வடிகட்டி, குழாயில் தளும்ப ஊற்றி, மேலே சின்னக் கண்ணாடியை மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டார்கள். புழு முட்டை அந்தத் தண்ணீரைவிட லேசு, மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். விதைநெல்லைப் பிரிக்க உப்புத் தண்ணீரில் கோழிமுட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்போமே, அதே சங்கதிதான். கண்ணாடியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார் அந்த டாக்டரம்மா. வட்ட வட்டமாக முட்டைகள். அன்றைக்குத்தான் எந்த ஆட்டுக்கு மருந்து, எதற்கு வேண்டாம் என்று கண்ணால் பார்த்துக் கொடுத்தேன். பன்னிரண்டில் நான்குக்குத்தான் தேவைப்பட்டது.

நுண்ணோக்கி | புதன் இரவு 10.05

அண்ணே, எங்கள் ஆய்வகத்தில் இதைவிட நன்றாக யாரும் விளக்கியதில்லை. காக்சிடியாவின் முட்டைகளும் அதே உப்புத் தண்ணீரில் மிதக்கும், அதனால் ஒரே சோதனையில் இரண்டும் தெரிந்துவிடும். ஊசிப்புழு முட்டை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

பாம்பன் அக்கா, குட்டியையும் எடுத்துப் போங்கள், புழுக்கையை மட்டும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு முயலின் புழுக்கையும் தனித்தனி டப்பாவில், பெயர் எழுதி. கூண்டுக்குக் கீழே நேற்றிலிருந்து கிடப்பதை அள்ள வேண்டாம், அதில் ஈ முட்டையிட்டுப் பொரித்த புழு இருக்கும், அதைக் குடற்புழு என்று குழப்பிக்கொள்வோம். வீட்டில் மீன் ஐஸ் பெட்டி இருந்தால் அதில் வைத்துக் கொண்டுபோனால் கெடாது, ஐஸ் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் வழியிலும் குட்டிக்குத் தின்ன ஏதாவது வையுங்கள். முயலுக்கு வாந்தியே வராது, வெறும் வயிறு தேவையில்லை. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தால் அது அவசரம். ஆடியில் உங்கள் ஆண் முயல் தப்பியது பெரிய விஷயம்.

இன்னொன்று, யாராவது ஆமாக்சிசிலின் மாதிரி ஆன்டிபயாடிக் வாய்வழி கொடுக்கச் சொன்னால் முயலுக்கு என்று இரண்டாவது முறை சொல்லுங்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும், அதுவே உயிரைக் குடிக்கும். உண்ணிக்கு நாய் முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகவே ஆகாது.

தொண்டிக்கரை | தொண்டி | வியாழன் காலை 7.00

மருந்தைப் பற்றியே பேசுகிறோம், புல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கிருந்து புல் அறுக்கிறீர்கள்? நான் முன்பு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் அறுகம்புல் அறுத்துவந்தேன். தெருநாய்கள் படுத்துக் கிடக்கும் இடம். கறிக்காக அறுத்த முயல் ஒன்றின் குடலைச் சுற்றியிருக்கும் சவ்வில் பட்டாணி மாதிரி நீர்க்குமிழிகள், கொத்துக் கொத்தாக. நாயின் நாடாப்புழு முட்டை நாய் மலத்திலிருந்து புல்லில் ஒட்டி, முயலுக்குள் போய் இப்படிக் குமிழியாகும் என்று டாக்டர் விளக்கினார். முயலுக்கு மருந்து ஊற்றி இதைத் தடுக்க முடியாது, உங்கள் வீட்டு நாய்க்குத்தான் கொடுக்க வேண்டும், முயலின் குடலை நாய்க்குப் போடவும் கூடாது என்றார். அன்றிலிருந்து வேலி போட்டு வேலிமசால் பயிரிட்டிருக்கிறேன். தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் என் மண்ணில் வருகிறது. முருங்கையும் அகத்தியும் உயரத்தில் இருப்பதால் கவலை இல்லை.

ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு புழு வரும், மறந்துவிடாதீர்கள். கழிச்சலில் முயலின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈ முட்டையிட்டுவிடும். ஒரே நாளில் புழு தோலைத் துளைக்கும். காலையும் மாலையும் திருப்பிப் போட்டு வாலுக்குக் கீழே பாருங்கள். ரோமம் ஒட்டியிருந்தால் வெந்நீரில் துடைத்து, நன்றாக ஈரம் போகத் துவட்டுங்கள்.

கருவேலங்காடு | வியாழன் காலை 9.20

எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன், ஆனால் முழுக்க இல்லை. என் முயல்கள் மண்ணில் இருக்கின்றன, ஆடு மிதித்த இடத்தில் தோண்டுகின்றன, தன் புழுக்கை மேலேயே படுக்கின்றன. கூண்டில் இருக்கும் உங்கள் முயலுக்கு இல்லாத ஆபத்து என் முயலுக்கு இருக்கிறது. அதனால் நான் அடியோடு விட்டுவிட முடியாது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. வருடா வருடம் மழைக்காலத்தில் ஏழெட்டுக் குட்டி போய்விடும். பனி தாங்கவில்லை என்று விட்டுவிடுவேன். மருந்து தவறாமல் கொடுத்துத்தான் வந்தேன். ஆக அந்தக் குட்டிகள் புழுவால் சாகவில்லை போலிருக்கிறது. ஆய்வாளர் ஐயா, மண் தரையில் இருக்கும் முயலுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

பழைய ஆய்வாளர் | வியாழன் காலை 10.40

தம்பி, நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. ஐந்தாறு முயலின் புழுக்கையைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். புழு முட்டை அதிகம் என்றால் கொடுங்கள், எடை போட்டுக் கொடுங்கள். ஆட்டு மருந்துப் பாட்டிலில் இரண்டு மருந்து சேர்ந்தே வருவதும் உண்டு, லெவாமிசோல் கலந்தது முயலுக்கு வேண்டாம், அளவு கொஞ்சம் தப்பினாலும் நஞ்சு.

அதைவிட முக்கியம் குட்டிகளை மண்ணிலிருந்து மேலே தூக்குவது. ஈனுகிற தாயையும் குட்டியையும் மூன்று மாதம் வரை கம்பித் தளத்தில் வையுங்கள். காக்சிடியா முட்டை கீழே விழுந்தவுடன் தொற்றாது, ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு மூன்று நாளில் பழுத்துத் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் தினமும் பெருக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அது சாகாது. கொதிக்கிற தண்ணீர், நல்ல வெயில், கம்பிக் கூண்டானால் தீ காட்டுவது, இவைதான். கூண்டுக்குக் கீழே கிளிஞ்சல் சுண்ணாம்பு தூவினால் ஈரம் வற்றும், தூசி முயல் மூக்கில் ஏறாமல் பார்த்துத் தூவ வேண்டும். கோழித் தீவனத்தை முயலுக்குப் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அதில் கோழிக்காகக் கலக்கும் காக்சிடியா மருந்துகளில் சில முயலைக் கொன்றுவிடும்.

முயல் மெலிந்தால் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க வளரும் பல் அது. தவிடும் பிஸ்கட்டும் மட்டும் தின்றால் தேயாமல் நீண்டு நாக்கைக் குத்தும், பசியிருந்தும் தின்ன முடியாது. என் சர்வீஸில் புழு என்று கொண்டுவந்த முயல்களில் பல்லில் குறை இருந்தவை நிறைய.

பாம்பன்காற்று | ஞாயிறு மாலை 4.15

மூன்று நாளாக எழுத முடியவில்லை.

வியாழன் காலையிலேயே போய்விட்டேன். டாக்டர் எல்லா டப்பாவையும் வாங்கி அன்றைக்கே பார்த்துச் சொல்லிவிட்டார். குட்டியின் புழுக்கையில் கண்ணாடி முழுக்கக் காக்சிடியா, புழு முட்டை ஒன்றுகூட இல்லை. என்னையும் பார்க்கச் சொன்னார். கோலப்பொடியில் விழுந்த சின்னச் சின்னத் துளி மாதிரி, நீள்வட்டமாக. பெண் முயலுக்கு ஊசிப்புழு முட்டை கொஞ்சம். ஆண் முயலுக்கு எதுவும் இல்லை, ஆடியில் அதற்கு நான் நான்கு மடங்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

நான்கு குட்டிக்கும் சல்பா மருந்து எழுதிக் கொடுத்தார், எடைக்கு ஏற்ப. உப்பிய குட்டிக்குத் தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றினார். ஆனாலும் வெள்ளி விடியற்காலை அது போய்விட்டது. மகள்தான் முதலில் பார்த்தாள். வேப்ப மரத்தடியில் புதைத்தோம். மற்ற மூன்றும் மருந்தைக் குடிக்கின்றன. துண்டில் சுற்றி, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டாகச் சிரிஞ்சை விட்டால் முரண்டு பிடிக்காமல் நக்கிக் குடிக்கின்றன. இன்று மூன்றின் புழுக்கையும் உருண்டையாக இருக்கிறது.

பெண் முயலின் ஊசிப்புழுவுக்கு மருந்து கொடுக்கவா என்று கேட்டேன். நன்றாகத் தின்கிறது, எடை குறையவில்லை, ரோமம் பளபளப்பாக இருக்கிறது, இப்போது கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். நானும் மகளும் பேசிக் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கூண்டைத் தினமும் பெருக்கி, வாரம் ஒருமுறை கொதிநீர் ஊற்றுகிறோம். கார்த்திகை கடைசியில் மறுபடி சோதனை. அப்போது முட்டை கூடியிருந்தால் அதன் எடைக்கு ஏற்ற அளவில் ஐந்து நாள், டாக்டர் சொல்லி.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தடவை போகும்போது ஆட்டுச் சாணியும் தருகிறேன், கொண்டுபோகிறாயா என்று கேட்டார்.

கீழக்கரை லாத்தா | ஞாயிறு மாலை 5.00

மகளிடம் சொல்லுங்கள் தங்கச்சி, அந்தக் குட்டியை நீங்கள் தூக்கிக்கொண்டு போனதால்தான் மற்ற மூன்றும் இருக்கின்றன.

நுண்ணோக்கி | ஞாயிறு இரவு 7.20

அக்கா, கார்த்திகையில் போகும்போது பெண் முயலுக்கு ஒரே நாள் புழுக்கையை மட்டும் எடுக்காதீர்கள். முட்டை தினமும் ஒரே அளவில் வராது. மூன்று நாள் புழுக்கையை, நாளுக்கு நாலைந்து உருண்டையாக, ஒரே டப்பாவில் சேர்த்துக் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுபோங்கள். சல்பா முடியும் வரை மூன்று குட்டிக்கும் தண்ணீர் குறையாமல் இருக்கட்டும்.